படகின் வயிற்றில் வைத்த காது

தனிஸ்லாஸ் ஜெயித்தவை இவை. நான்கு வயதில் வந்து, அவனுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போன காய்ச்சல். அந்தக் காலை வைத்துக்கொண்டு மரவேலைக்கு ஆகமாட்டான் என்று வாசலோடு திருப்பி அனுப்பிய மேஸ்திரிகள். கடல் பக்கமே போகாத குடும்பத்தில் பிறந்துவிட்டு, மீனவர்கள் நடுவில் படகு வேலை. "இவன் தொட்ட படகு தேறாது" என்று சொல்லித் திரிந்த வீரப்பனின் வாய். புதுக்குப்பத்துப் பக்கிரியின் பிடிவாதம். முந்திரிக்கொட்டை எண்ணெய். கடைசியாக, தன்னுடைய கட்டைவிரல்.

கடைசி மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தவை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஊசுட்டேரியைச் சொல்லியாக வேண்டும்.

வில்லியனூருக்கும் ஏரிக்கும் நடுவில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் அவர்கள் வீடு. தரையில் நடந்தால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவன் காலைத்தான் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் போய்விட்டால் கால் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோகும். அக்கா அன்னாமேரி துணி துவைக்கப் போகும்போதெல்லாம் கூடவே போய்விடுவான். ஒருநாள் துவைக்கிற கல் ஆடிற்று என்று அவள் இன்னொரு கல்லை எடுத்து அதன் அடியில் தட்டிச் செருகினாள். ரொம்ப தூரத்தில் முங்கியிருந்தவன் தலையைத் தூக்கினான்.

"அக்கா, இன்னா தட்டுன?"

"கல்லுதான். ஏன்?"

"என் காதுகிட்டயே தட்டுன மாதிரி கேட்டுச்சு. மறுபடி தட்டு."

அன்றைக்குத் துணி துவைத்து முடியவில்லை. தட்டு, நிறுத்து, அந்தப் பக்கம் போய்த் தட்டு, இந்தப் பக்கம் வா என்று அவளை விரட்டிக்கொண்டே இருந்தான். தண்ணீருக்குள் சத்தம் கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. எருமைகள் இறங்கி நுரை கிளம்பியபோது சத்தம் மட்டுப்பட்டது. அது ஏன் என்றும் கேட்டான். அக்காவுக்குத் தெரியவில்லை. வாத்தியாரைக் கேட்கலாம் என்றால், அவன் அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். இரண்டாம் வகுப்போடு சரி. அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை.

எட்டாவது வரை படித்த அக்காதான், பின்னாளில் அவன் தச்சு வேலைக்குப் போன பிறகு, சீவிப்போட்ட பலகைத் துண்டுகளில் தச்சர் பென்சிலால் அவனுக்கு எழுத்துக் காட்டினாள். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் பேர் ஒழுங்காக வரும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதச் சொன்னால் கை நடுங்கும். காலைப் பார்த்துச் சிரித்தது போதாதா, எழுத்தையும் பார்த்துச் சிரிக்கட்டுமா என்பான். அதனால் எங்கே போனாலும் கட்டைவிரலை நீட்டிவிடுவான்.

கோயிலுக்கு பெஞ்சு, வீடுகளுக்குக் கதவு என்று செய்துகொண்டிருந்தவன், மரம் ஏற்றிய வண்டியோடு ஒருமுறை புதுக்குப்பத்துக்குப் போனான். பெண்ணையாறு கடலில் சேருகிற இடத்துக்குச் சற்று இந்தப் பக்கம், மணலில் ஒரு கொட்டகை போட்டுப் படகு கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வளைந்த பலகைகள் ஒன்றோடொன்று சேர்கிற இடத்தைப் பார்த்து நின்றவன் நின்றவன்தான். கதவில் வளைவு கிடையாது. மரம் இறக்கிய வண்டி அவனில்லாமல் திரும்பியது.

அங்கே முதலில் கொடுத்தது, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கிற வேலை. படகின் அடியில் மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டும். படுத்துச் செய்கிற வேலைக்குக் கால் எதற்கு? சில வருஷத்தில் அந்தக் கொட்டகையில் அவன் அடைத்த படகில் தண்ணீர் கசியாது என்று பேராயிற்று. வீரப்பன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பக்கிரியின் படகில் சுக்கான் பிடிப்பவர், பக்கிரிக்கு மாமன் முறை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் பக்கிரி புதுப் படகு கட்டினார். கரையில் யாரிடமும் இல்லாத ஒன்று தன் படகில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் ஆழம் காட்டுகிற, அடியில் மீன் கூட்டம் இருந்தால் அதையும் காட்டுகிற எக்கோ மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். மிஷினோடு மெட்ராஸிலிருந்து வந்தவர் கலீலுல்லா. கம்பெனியில் இன்ஜினீயர். சொந்த ஊர் வில்லியனூர், கடைக்காரக் குடும்பம். தனிஸ்லாஸ் எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நிமிஷத்திலேயே இருவருக்கும் ஒட்டிப்போயிற்று.

மிஷின் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு முள் ஓடும். முள் ஓடும்போது காகிதச் சுருளில் கருகின கோடு விழும். பெட்டியிலிருந்து ஒரு தடித்த ஒயர் வரும். ஒயரின் மறுமுனையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டு, வழவழவென்று ஒரு முகத்தோடு. டிரான்ஸ்டியூசர் என்றார் கலீலுல்லா. கொட்டகையில் இருந்தவர்கள் வாயில் அது நுழையவில்லை. காது என்று வைத்துவிட்டார்கள்.

"காதுன்றாங்களே சார், அது கத்தவும் செய்யுதுன்னீங்களே?" என்றான் தனிஸ்லாஸ்.

"கத்துறதும் அதான், கேக்குறதும் அதான். கெணத்துல கல்லு போட்டுட்டு, சத்தம் வர்ற வரைக்கும் எண்ணுவீங்கல்ல? அதே கணக்கு. இது டக்குன்னு ஒரு சத்தம் வுடும். சத்தம் கீழ போய் மணல்ல மோதித் திரும்பி வரும். எவ்ளோ நேரத்துல வந்துச்சுன்னு பாத்து முள்ளு கோடு போடும்."

"நடுவுல மீனு இருந்தா?"

"அதுலயும் மோதும். நடுவுல ஒரு கறுப்பு வுழும்."

"நுரை இருந்தா?"

கலீலுல்லா கையில் எடுத்த ஸ்குரூவைக் கீழே வைத்தார். "அது எப்டித் தெரியும் உங்களுக்கு?"

தனிஸ்லாஸ் எருமைகளைப் பற்றிச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, அந்த வேலைக்கு உள்ள சத்துருவே காற்றுதான் என்று விளக்கினார். தண்ணீருக்குள் போகிற சத்தம் காற்றைக் கண்டால் சுவரில் முட்டியதைப் போலத் திரும்பிவிடும். அதனால்தான் வட்டைப் படகின் முன்பாதியில், ப்ரொபெல்லர் கிளப்புகிற நுரைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அடிப்பலகையோடு ஒட்டி வைக்காமல் ஒரு கட்டை வைத்து இறக்கிப் பொருத்த வேண்டும். கட்டை தண்ணீரைக் கிழிக்காமல் வழுக்கிப் போகிற உருவத்தில் இருக்க வேண்டும். வட்டின் முகம் நேராகக் கீழே பார்க்க வேண்டும். முகத்தில் பெயிண்ட், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. ஒயரை நறுக்கக் கூடாது. ஒரு நாளில் தனிஸ்லாஸ் இத்தனையும் கேட்டான், சிலதை இரண்டு தடவை. இரண்டாவது தடவையும் அவர் சலிக்காமல் சொன்னார்.

எல்லாம் சரி, ஒயரை உள்ளே கொண்டுபோகப் படகின் அடியில் ஓட்டை போட வேண்டுமே. அங்கேதான் பிடித்தது தகராறு.

படகுக்குப் பூசை ஆகிவிட்டிருந்தது. முன்பக்கத்தில் கண் எழுதி, மஞ்சள் துணி கட்டியாயிற்று. பூசை முடிந்த படகில் இரும்பு படக்கூடாது என்றார் வீரப்பன். பக்கிரியின் மனைவி தையலம்மாள் படகைக் கையால் தடவிக்கொண்டு நின்றாள். பக்கிரி இரண்டு பக்கமும் பார்த்தார். மிஷினையும் விட மனதில்லை.

"போட்டுக்கோ. ஆனா தனிசு, கேட்டுக்க. தண்ணி உள்ள வந்தாலும் சரி, மிஷினு காட்டலன்னாலும் சரி, கட்டை அடிச்சு அடைச்சுடுவேன். அப்பறம் இந்தக் கரையில எந்தப் படகுலயும் நீ கை வைக்கக் கூடாது. வில்லியனூர்ல போய்க் கதவு செய்."

"சரிண்ணே" என்றான்.

கட்டைக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. தேக்கில் செதுக்கினான். முன்பக்கம் வாழைப்பூவைப் போல மழுங்கலாக, பின்பக்கம் மீன் வாலைப் போல ஒடுங்கி. படகின் அடி சாய்வாக இருக்கும், வட்டோ நேராகப் பார்க்க வேண்டும். அதனால் கட்டையின் மேல்பக்கத்தைச் சாய்வுக்குச் சாய்வாக வைத்து, கீழ்ப்பக்கத்தை நூல்குண்டு பிடித்து மட்டம் பார்த்துச் சீவினான். துரப்பணத்தை எடுத்துக்கொண்டு அடியில் மல்லாந்து படுத்தான். மரத்தூள் அவன் கண்ணிலும் வாயிலும் கொட்டிற்று. மறுபக்கம் துளைத்து வெளிவந்தது. அந்த நேரம் படகுக்குள் உட்கார்ந்திருந்த தையலம்மாள் பார்த்தது, இருட்டான அடித்தளத்திலிருந்து காசு அளவில் மேலே வந்த ஒரு வெளிச்சம். கண்ணை மூடிக்கொண்டாள்.

வட்டைப் பொருத்தி, ரப்பர் வைத்து, மரையை முடுக்கி, ஒயரை என்ஜின் ஒயர்களோடு ஒட்டாமல் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், கலீலுல்லா மிஷினைப் போட்டார். டிக், டிக் என்றது. தரையில் அதற்குமேல் ஒன்றும் தெரியாது. "கடல்ல நாலு பாகம் ஆழம் தாண்டுனதும் போட்டுப் பாருங்க. தரைக்கோடு வுழுந்த முதல் காகிதத்தக் கிழிச்சு, பொருத்துனவங்க கையெழுத்தும் தேதியும் போட்டு எனக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினார்.

புதன்கிழமை படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒரு சொட்டுக் கசிவில்லை. சரக்கு, வலை எல்லாம் ஏற்றி வெள்ளிக்கிழமை காலையில் கடலுக்குப் போனார்கள். தனிஸ்லாஸ் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த அளவு. வீரப்பன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு அளந்து, "ஆறு பாகம்" என்றார். பக்கிரி மிஷினைப் போட்டார்.

முள் ஓடியது. காகிதத்தின் மேல் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அது மிஷின் தன் சத்தத்தையே பதிந்துகொள்கிற கோடு. அதற்குக் கீழே விழ வேண்டிய தரைக்கோட்டைக் காணோம். காகிதம் வெள்ளையாகவே நகர்ந்தது. கருகல் வாசம் மட்டும் வந்தது.

"ஏம்பா, மிஷினு மீனு காட்டுதா, வறுக்குதா?" என்றார் வீரப்பன்.

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எட்டுப் பாகத்தில் போட்டார்கள். பத்துப் பாகத்தில் போட்டார்கள். வெள்ளைக் காகிதம். பக்கிரி மிஷினை அணைத்துவிட்டு, படகைக் கரைக்குத் திருப்பக் கையைக் காட்டினார். ஆற்று முகத்துக்கு வந்து கயிறு கட்டியதும் சொன்னார்:

"ஒரே ஒரு நாளு. நாளைக்கு இன்னொரு தபா போய்ப் பாப்பேன். அப்பவும் இதே கதின்னா மேல இழுத்து அடைச்சுடுவேன்."

மறுநாள் சூசையப்பர் திருநாள். தச்சனுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. பூசைக்கு வில்லியனூர் வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். அவன் அதையெல்லாம் மறந்து படகின் அடித்தளத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒயரை முழுக்கத் தடவிப் பார்த்தான். மரையை அசைத்துப் பார்த்தான். பக்கிரியிடம் சொல்லி மிஷினைப் போட வைத்து, வட்டுக்கு நேர் மேலே அடிப்பலகையில் காதை வைத்தான். டிக், டிக். நன்றாகக் கத்துகிறது. கத்துவது வெளியே போகிறதா?

அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு வழிதான் தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் குதித்தான்.

படகுக்கு அடியில் போய், கட்டையைப் பிடித்துக்கொண்டு காதை நீட்டினான். ஊசுட்டேரியில் அவ்வளவு தூரத்திலிருந்து அக்கா தட்டியது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இங்கே ஒரு சாணில் இருக்கிற வட்டின் சத்தம், அடுத்த வீட்டில் யாரோ விரலைச் சொடுக்கியதைப் போல மங்கலாகக் கேட்டது. கையால் தடவினான். கண்ணாடியைப் போல வழுக்க வேண்டிய முகம், அடிப்பிடித்த சட்டியின் உள்பக்கத்தைப் போலச் சொரசொரவென்று இருந்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திச் சுரண்டினான். பிசின் மாதிரி ஏதோ பெயர்ந்து வந்தது.

மேலே வந்து நகத்தை வெளிச்சத்தில் பார்த்தான். கறுப்பும் மஞ்சளும். மூக்கில் வைத்தான். முந்திரிக்கொட்டை எண்ணெயும் மஞ்சள்தூளும். இந்தக் கரையில் பலகை உளுக்காமல் இருக்கப் படகுக்குப் பூசுகிற எண்ணெய்தான் அது. ஆனால் அவன் பூசியபோது முகத்தைத் துணி வைத்து மூடியிருந்தான். மஞ்சள் கலக்கவும் இல்லை. தூளோடு குழைத்து அப்பியிருந்ததில் உள்ளே கொப்புளம் கொப்புளமாகக் காற்று. சத்தம் அந்தக் காற்றில் முட்டித்தான் வெளியே போகாமல் நின்றுவிட்டது.

நிமிர்ந்தான். கரையில் பக்கிரி நின்றார். அவருக்குப் பின்னால் தையலம்மாள். புதன்கிழமை படகு இறக்கும்போது அவள் வலது கை விரல்களில் ஈரத்துணி சுற்றியிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. இப்போது துணி இல்லை. விரல் நுனிகளில் தோல் கறுத்து உரிந்திருந்தது. அந்த எண்ணெய் பட்டால் அப்படித்தான் வெந்துபோகும். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாடா ஆச்சு?" என்றார் பக்கிரி.

அவள் பேரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவன்மேல் இருந்த பழி போயிருக்கும். தனிஸ்லாஸ் கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கழுவினான்.

"முகத்துல அழுக்குப் புடிச்சிகினு இருக்குதுண்ணே. எடுத்துடுறேன்."

"ரெண்டு நாள்ல இன்னா அழுக்கு?"

"ஆத்துல எவ்ளவோ வருது."

உளி வைத்தால் முகம் கீறிவிடும். மூங்கில் சிம்பைச் சீவிக்கொண்டு முங்கினான். மூச்சு முட்ட மேலே வருவான், மறுபடி முங்குவான். சிம்புக்கு வராத இடங்களைக் கட்டைவிரலால் தேய்த்தான். பொழுது சாய்கிற வரைக்கும் அந்த வேலைதான். கடைசியில் தேங்காய் நார் வைத்துத் துடைத்தபோது முகம் வழுக்கிற்று. மேலே ஏறி வந்தவன் கையைப் பார்த்தான். விரல்கள் தீயில் காட்டியதைப் போல எரிந்தன.

சனிக்கிழமை விடியற்காலையில் போனார்கள். வீரப்பன் குண்டை விட்டார்.

"ஏழு பாகம்."

முள் ஓடியது. மேலே ஒரு கோடு. அதற்குக் கீழே, காகிதத்தின் நடுவில், கனமாக, நெளிந்து நெளிந்து இன்னொரு கோடு வரத் தொடங்கியது. தனிஸ்லாஸ் ஓரத்திலிருந்த அளவை விரலால் எண்ணினான். ஏழு. யாரும் சிரிக்கவில்லை. வீரப்பன் கயிற்றை இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும், "ஒன்பதேகால்" என்று இவன் காகிதத்தைப் பார்த்து முதலில் சொன்னான். அவர் கயிற்றை விட்டார். ஒன்பதேகால்.

"தூத்தேறி" என்றார் வீரப்பன். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

தரைக்கு மேலே காகிதத்தில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. பக்கிரி கத்தினார்: "மேகமாட்டம் நிக்கிது பாரு! வலைய வுடுங்கடா!" விட்டு இழுத்தார்கள். வலை முழுக்கச் சொறி என்கிற ஜெல்லி மீன். கண்ணாடிக் கஞ்சியைப் போல வழிந்த அந்தச் சனியன்களைக் கடலில் திருப்பிக் கொட்டுவதற்குள் எல்லோருக்கும் கை அரித்துவிட்டது. இருக்கிறது என்று மிஷின் சொல்லும், எது என்று சொல்லாது. தனிஸ்லாஸுக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்து கலீலுல்லாவிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது.

கரைக்கு வந்ததும் பக்கிரி ஊருக்கே கேட்கும்படி கதை சொல்லத் தொடங்கினார். ஆற்றில் அழுக்கு, அதனால்தான் முதல் நாள் காட்டவில்லை என்றார். தையலம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அழுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எறக்குற அன்னிக்கு வெடியக்காலைல நான்தான் எண்ணெயில மஞ்சளக் கொழச்சு அப்புனேன்."

பக்கிரி அவள் பக்கம் திரும்பினார். "ஏன்டி?"

"வயித்துல ஓட்ட போட்டுட்டு அப்டியே வுட்டுட்டா புண்ணு ஆறுமா? ஒனக்கு அடி பட்டா மஞ்சள் வெக்கல?" பிறகு தனிஸ்லாஸைக் காட்டினாள். "அந்தத் தம்பிக்கு நேத்தே தெரியும். என் கையப் பாத்துச்சு. ஒரு வார்த்த சொல்லல."

பக்கிரி அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். திட்டப் போகிறாரா சிரிக்கப் போகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"அண்ணி, அடுத்த படகுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்," என்றான் தனிஸ்லாஸ். "வட்டு வெக்கிறதுக்கு முன்ன, ஓட்டைய சுத்தி மரத்துல வெச்சுக்குங்க மஞ்சள. எவ்ளோ வேணா வையிங்க. அது மேல கட்டை வந்து ஒக்காந்துக்கும். முகத்துல மட்டும் வேணாம். அதுக்குக் காது அடைச்சுடும்."

"அப்டின்னா சரி," என்றாள் அவள். பிறகு அந்தக் கரையில் அவன் ஓட்டை போட்ட ஒவ்வொரு படகிலும் அப்படித்தான் நடந்தது. அவன் துரப்பணத்தை எடுத்ததும் வீட்டுப் பெண்கள் மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். இவன் நகர்ந்து வழி விடுவான்.

"எங்க அண்ணன் படகுக்கும் ஒண்ணு வரப்போவுது. நீதான் வெக்கிற," என்று அன்றைக்குப் பேச்சை முடித்துவிட்டு, பக்கிரி அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். இரண்டு கோடு, நடுவில் சொறித் திட்டு. கலீலுல்லாவுக்கு அனுப்ப வேண்டும். மை அட்டையும் எடுத்து வந்தார். இவன் கைநாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

தனிஸ்லாஸ் வழக்கம்போலக் கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தின் வெள்ளைப் பக்கத்தில் வைத்தான். ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. ரேகை இல்லை. இன்னொரு முறை வைத்தான். பொட்டுதான். முந்திரி எண்ணெய் தோலைத் தின்றிருந்தது. இடது கட்டைவிரலும் அப்படியே.

"வெரலு வெந்துபோச்சே," என்றார் வீரப்பன். "ஆறட்டும். அடுத்த மாசம் வைக்கலாம்."

சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். தனிஸ்லாஸ் காகிதத்தைப் பார்த்தான். கீழே நெளிந்து நெளிந்து போகிற அந்தத் தரைக்கோடும் அப்படி ஒன்றும் நேராக இல்லை.

"பென்சில் இருக்குது," என்றான்.

காதில் செருகியிருந்த தச்சர் பென்சிலை எடுத்தான். படகின் பக்கப்பலகையில் காகிதத்தை வைத்து, எரிகிற விரல்களால் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினான். கை நடுங்கிற்று. 'ஸ்' கொஞ்சம் கோணிற்று. யாரும் சிரிக்கவில்லை. கீழே தேதியும் போட்டான்: 19 மார்ச் 1983.